டீச்சர் பதில்கள்: ஏழாம் தேதி டியூஷன்

மற்ற மாதங்களில் எனக்கு வரும் கடிதங்களில் மாமியார் இருப்பார், மருமகள் இருப்பாள், நிலத் தகராறு இருக்கும். மே மாதம், 16ஆம் தேதி ஆசிரியர் தினம் வந்தால் எல்லாரும் பழைய வாத்தியார்களைத் தேடிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அதனால் இந்த இதழில் மாமியார்களுக்கு விடுமுறை. கேள்விகளைச் சுருக்கி, அடையாளங்களை மாற்றிப் போட்டிருக்கிறேன். பாகான் டாலாமில் என்னைப் பார்த்து, "அந்தக் கடிதம் எங்க பக்கத்து வீட்டுக்காரியோடதுதானே?" என்று கேட்காதீர்கள். சொல்ல மாட்டேன்.

பிறையில் ஒரு தமிழ்ப்பள்ளியில் எனக்கு இது இரண்டாவது ஆண்டு. என் வகுப்பில் ஒரு பையன் அடிக்கடி வருவதில்லை. வந்தாலும் மேசையில் தலைவைத்துத் தூங்குகிறான். வீட்டில் ஏதோ சரியில்லை. "நம்ம வேலை பாடம் நடத்துறது. வீட்டு விஷயத்துல தலையிட்டா உனக்குத்தான் தொல்லை" என்கிறார்கள் உடன் வேலை செய்பவர்கள். நான் என்ன செய்யட்டும், டீச்சர்?
— இளம் ஆசிரியை, பிறை

அவர்கள் சொல்வதில் பாதி சரி, தங்கச்சி. தொல்லை வரும்.

முதலில் வருகைப் பதிவேட்டை எடு. அவன் வராத நாள்களை மட்டும் ஒரு தாளில் எழுது. தேதி, கிழமை இரண்டும் வேண்டும். நான்கு மாதத்துக்கு எழுதிவிட்டு, அந்தத் தாளை முன்னால் வைத்துக்கொண்டு ஒரு தேநீர் குடி.

இது நானாகக் கண்டுபிடித்த வித்தை இல்லை. 1986இல் செபெராங் பிறை தெற்கில் ஒரு தோட்டப் பள்ளியில் ஐந்தாம் ஆண்டுக்குப் பாடம் எடுத்தேன். எனக்கு 28 வயது. வகுப்பில் 23 பிள்ளைகள். அதில் ஒருவன் கணக்கில் புலி, ஆனால் மாதத்துக்கு இரண்டு நாளாவது மட்டம். காய்ச்சல் என்பான், பாட்டி வீடு என்பான். ஒரு நாள் மாதாந்திரக் கணக்கு முடிக்கும்போது பெரிய வாத்தியார் என் தோளுக்குப் பின்னால் நின்று பதிவேட்டைப் பார்த்தார். (தலைமையாசிரியரைத் தோட்டத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.) சிவப்பு மையில் போட்டிருந்த சுழியங்களைப் பென்சிலால் தொட்டுக்கொண்டே போனார். எட்டாம் தேதி. எட்டாம் தேதி. ஞாயிறு வந்ததால் ஒன்பதாம் தேதி. மறுபடி எட்டு.

"ஏழாம் தேதி என்னம்மா?" என்று கேட்டார்.

ஏழாம் தேதி சம்பளம். சாயங்காலம் கள்ளுக்கடை வாசலில் மோட்டார்களும் சைக்கிள்களும் அடைத்து நிற்கும். நானே தோட்டத்துப் பிள்ளை, என் அப்பா பால்மரம் சீவியவர். எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். பயிற்சிக் கல்லூரிக்குப் போய் வந்ததில் மறந்துவிட்டது போலும். மறுநாள், கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகைப் பக்கம் போய்ப் பேச்சுக் கொடுத்தபோதுதான் மிச்சம் தெரிந்தது. சம்பள இரவில் அவன் அம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தோட்டத்தின் அடுத்த டிவிஷனில் இருந்த அக்காள் வீட்டுக்கு நடந்துவிடுவாள். புத்தகப்பை லயத்து (தொழிலாளர் வரிசை) வீட்டிலேயே கிடக்கும். அங்கிருந்து பள்ளிக்கு மூன்று மைல்.

அவன் அப்பாவிடம் போய், "குடிக்காதீங்க" என்று சொல்லவேண்டும் என்று எனக்கு வேகம். பெரிய வாத்தியார் சிரித்தார். "நீ சொன்னா அவன் நிறுத்திடுவானா? நீ கிளம்பினப்புறம் அவளைத்தான் அடிப்பான், வீட்டு விஷயத்த வெளிய சொன்னியான்னு." கொஞ்ச நேரம் கழித்து, "ஏழாம் தேதி சாயங்காலம் டியூஷன் வை. காரணம் சொல்லாதே" என்றார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. பரீட்சைக்கு மீள்பார்வை என்று அறிவித்தோம். சாயங்காலம் ஐந்து மணியிலிருந்து ஒன்பது வரை, ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கு, ஒரு வாளி மைலோ, கிரீம் கிரேக்கர் பிஸ்கட் ஒரு டின். அந்தப் பையனும் இன்னும் நாலு பேரும் வருவார்கள் என்று நினைத்தேன். பதினொரு பேர் வந்தார்கள். அதில் மூன்று பேர் என் வகுப்பே இல்லை. இரண்டாம் ஆண்டுப் பாப்பா ஒன்று அண்ணன் சட்டையைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தது. தோட்டத்தில் எந்தெந்த வீட்டில் அந்த இரவு எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குக் கணக்குத் தெரிந்தது. ஒன்பது மணிக்கு ஜாகா (காவலாளி) டார்ச் லைட்டோடு வந்து வீடு வீடாகக் கொண்டுபோய் விடுவார். எந்த வீட்டில் சத்தம் இன்னும் அடங்கவில்லையோ அந்தப் பிள்ளைகள் பெரிய வாத்தியார் வீட்டுத் திண்ணையில் பாய் விரித்துப் படுத்தார்கள். எட்டாம் தேதிக் கட்டத்தில் சுழியம் குறைந்தது.

அவன் அப்பா குடியை நிறுத்தவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

தோட்டத்து வாத்தியாருக்கு இந்த மாதிரி வேலை புதிதும் இல்லை. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்கவேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. துரைமார்கள் பள்ளி என்ற பெயருக்கு ஒரு கொட்டகையும், எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவரையும் வைத்தார்கள். லயத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் பெரும்பாலும் அவர் ஒருவர்தான். ஊருக்குக் கடிதம் எழுதுவதும், மணியார்டர் பாரம் நிரப்புவதும், வந்த கடிதத்தைப் படித்துச் சொல்வதும் அவர் தலையில் விழுந்தது. இழவுக் கடிதமாக இருந்தால் படித்துவிட்டு உடனே எழுந்து போய்விட முடியாது, கூட உட்கார்ந்திருக்க வேண்டும். என் பாட்டிக்கு அப்படி உட்கார்ந்திருந்த வாத்தியாரின் பேர் சாகும்வரை ஞாபகம் இருந்தது. பேரப்பிள்ளைகள் எங்கள் பேரை மாற்றி மாற்றிக் கூப்பிடுவாள்.

உன் பையனுக்கு வருவோம். பிறையில் இப்போது சம்பளம் வங்கிக் கணக்கில் விழுகிறது. ஆனால் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் இருக்கிறது. அம்மாவுக்கு இரவு ஷிஃப்ட் விழும் வாரத்தில்தான் அவன் வராமல் இருக்கிறானா என்று பார். அப்படியானால் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது அவனாக இருக்கலாம். தலைமையாசிரியரிடமும் ஆலோசக ஆசிரியரிடமும் முதலிலேயே சொல்லிவிடு. வீட்டுக்குப் போவதென்றால் தனியாகப் போகாதே, இன்னொரு ஆசிரியையோடு போ. கையில் அவன் வரைந்த படம் ஒன்றை எடுத்துக்கொள். "உங்க மகன் நல்லா வரையிறான், காட்டலாம்னு வந்தோம்" என்று ஆரம்பித்தால் கதவு திறக்கும், "ஏன் பள்ளிக்கு வரல?" என்று ஆரம்பித்தால் சாத்திக்கொள்ளும். உடம்பில் தழும்பு, காயம் ஏதாவது பார்த்தால் அப்புறம் படமும் வேண்டாம், தேநீரும் வேண்டாம். அன்றைக்கே தலைமையாசிரியருக்கு எழுத்தில் கொடு. குழந்தை வதை, குடும்ப வன்முறைக்கு அரசாங்கத்தின் உதவித் தொலைபேசி தாலியான் காசே, எண் 15999, இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள்.

மே 16க்கும் ஆசிரியருக்கும் என்ன சம்பந்தம்? என் மகள் அன்பளிப்பு வாங்க 50 வெள்ளி கேட்கிறாள்.
— அப்பா, புக்கிட் மெர்தாஜாம்

1956ஆம் ஆண்டு அந்த நாளில்தான் ரசாக் அறிக்கையைக் கூட்டரசுச் சட்டமன்றம் ஏற்றுக்கொண்டது. நம் நாட்டுக் கல்விக் கொள்கைக்கு அதுதான் அடிப்படை. அறிக்கையின் பிறந்தநாளை ஆசிரியரின் நாளாக்கிவிட்டார்கள். அந்த அறிக்கையைப் பற்றித் தமிழ்ப்பள்ளிக்காரர்கள் சொல்லவேண்டியது நிறைய உண்டு. அதை இன்னொரு இதழில் வைத்துக்கொள்வோம், பத்திரிகை ஆசிரியர் குழு ஏற்கெனவே பக்கக் கணக்குச் சொல்கிறது.

ஐம்பது வெள்ளி வேண்டாம் ஐயா. என் வீட்டில் "உலகின் சிறந்த ஆசிரியை" என்று எழுதிய கோப்பைகள் 37 இருக்கின்றன. எண்ணிப் பார்த்தேன். பால்காரருக்குக் கொடுத்தது போக. நான் பத்திரமாக வைத்திருப்பது ஒரே ஒரு கோட்டுத் தாளைத்தான். தைப்பிங் விலங்குக் காட்சிசாலைக்குச் சுற்றுலா போன ஆண்டு மூன்றாம் ஆண்டுப் பையன் ஒருவன் எழுதியது: "டீச்சர் நீங்கள் பஸ்ஸில் வாந்தி எடுத்தபோது தலையைப் பிடித்துக்கொண்டதற்கு நன்றி." வாந்தி எடுத்தவன் அவன். இலக்கணம் கைவிட்டதில் பழி என்மேல். தாளும் பேனாவும் உங்கள் வீட்டிலேயே இருக்கும், மகளிடம் கொடுங்கள்.

எனக்கு 34 வயது. பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். ஐந்தாம் ஆண்டில் ஒரு வாத்தியார் வகுப்பு முன்னால் நிற்கவைத்து, "நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். இப்போது அவர் ஓய்வு பெற்று எங்கள் தாமானிலேயே (குடியிருப்பிலேயே) இருக்கிறார். வெள்ளிக்கிழமை கோவிலில் பார்க்கிறேன். "நல்லா இருக்கியாப்பா?" என்று கேட்கிறார். என் வயிறு எரிகிறது. நேரில் கேட்டுவிடவா?
— பெயர் வேண்டாம், பினாங்குத் தீவு

தம்பி, உன் கடிதத்தை மூன்று நாள் மேசையில் வைத்திருந்தேன். நான் பதில் சொல்லத் தகுதியான ஆளா என்று சந்தேகம். நானும் ஒரு பிள்ளையிடம் அந்த மாதிரி சொன்னவள்தான்.

1987. ஏழாம் தேதி டியூஷன் எல்லாம் நடத்திப் பெருமையாக இருந்த அதே காலம். வாய்பாட்டில் ஏழு தடுமாறிய ஒரு பையன். அன்று எனக்குத் தலைவலி, வெளியே நல்ல மழை, தகரக் கூரையில் சத்தம், பேசுவது எனக்கே கேட்கவில்லை. நாலாவது தடவையும் ஏழெட்டு நாற்பத்தெட்டு என்றான். "நீ உங்கப்பா பின்னாடி குலை தூக்கத்தான் லாயக்கு" என்றேன். அவன் அப்பா செம்பனைக் குலை வெட்டுபவர். இரண்டு தலைமுறையை ஒரே வாக்கியத்தில் கீழே தள்ளிவிட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேனோ என்னவோ, அது மட்டும் ஞாபகம் வரமாட்டேன் என்கிறது. அவன் அழவில்லை, உட்கார்ந்துவிட்டான். அன்று மாலையே தப்பு என்று தெரிந்தது. மறுநாள் சரிசெய்யலாம் என்று நினைத்தேன். மறுநாள் சோதனை, அதற்கு மறுநாள் இன்னொன்று. ஆண்டு முடிந்தது. தோட்டத்தை விற்றார்கள், குடும்பங்கள் கலைந்தன.

சில ஆண்டுகளுக்கு முன் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோவில் தைப்பூசத்தில், படி ஏற முடியாமல் கீழே ஒரு தண்ணீர்ப் பந்தலில் உட்கார்ந்திருந்தேன். 513 படியை என் முட்டி ஒத்துக்கொள்வதில்லை. கையில் ஒரு பெண் குழந்தையோடு ஒருவன் வந்து, "டீச்சர்" என்றான். நரை தட்டிவிட்டது, ஆனால் அந்தக் கண்ணை அடையாளம் தெரிந்தது. லாரி வைத்திருப்பதாகச் சொன்னான். மகளிடம், "அப்பாவுக்கு இவங்கதான் டீச்சர்" என்றான். என் கையில் நீர்மோர்க் குவளை. "உன்கிட்ட ஒருநாள் ஒண்ணு சொன்னேன், ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே, "ஏழெட்டு ஐம்பத்தாறு, டீச்சர்" என்றான்.

மன்னிச்சுக்கோ என்று சொன்னேன். மேளச் சத்தத்தில் இரண்டு தடவை சொல்லவேண்டியிருந்தது. அவன், "நீங்க மறந்திருப்பீங்கன்னு நெனச்சேன்" என்றான். அவ்வளவுதான். காவடி ஒன்று வந்தது, கூட்டம் தள்ளியது, குழந்தையைத் தோளில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். மன்னித்தானா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

ஆகவே உன் வாத்தியார் மறந்துவிட்டார் என்று முடிவு கட்டாதே. மறக்காமலும் இருக்கலாம், உன்னைப் பார்க்கும்போதெல்லாம் "நல்லா இருக்கியாப்பா" என்று கேட்பது அதனால்கூட இருக்கலாம். அல்லது நிஜமாகவே மறந்துபோன மனிதராக இருக்கலாம். இரண்டுக்கும் தயாராகப் போ. கோவிலில் கேட்காதே, அங்கே நாலு பேர் காது இருக்கும். நாலு பேர் முன்னால் உன்னை நிறுத்தியதுதானே உன் வழக்கே. வீட்டுக்குப் போ, அல்லது ஒரு தாளில் எழுதிக் கொடு. நடந்ததை மட்டும் சொல்: எந்த வகுப்பு, என்ன சொன்னார், நீ அன்றைக்கு வீட்டுக்குப் போய் என்ன செய்தாய். "இப்ப பாருங்க நான் எப்படி இருக்கேன்னு" என்பதைச் சேர்க்காதே. நீ மாடு மேய்த்துக்கொண்டிருந்தாலும் அவர் சொன்னது தப்புதான்.

என் மகள் நான் சொன்னால் கேட்பதில்லை. "டீச்சர் சொன்னாங்க" என்றால் வேதவாக்கு. நகம் வெட்டுவதுகூட டீச்சர் சொல்லித்தான். எரிச்சலாக இருக்கிறது.
— அம்மா, ஜெலுத்தோங்

எரிச்சல் படுங்கள், தப்பில்லை. என் மகன் எங்கள் பள்ளியிலேயே படித்தான். பக்கத்து வகுப்பு டீச்சர் சொன்னதைத்தான் கேட்டான். நான் வீட்டில் வெறும் அம்மா. நீங்கள் அந்த டீச்சருக்கு ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள்: "கீரை சாப்பிடச் சொல்லுங்க, சாமி கும்பிடச் சொல்லுங்க, பத்து மணிக்குத் தூங்கச் சொல்லுங்க." முடிந்தவரை பயன்படுத்திக்கொள்ளுங்கள். பதின்மூன்று வயதானால் அந்த டீச்சரும் நம் கட்சிக்கு வந்துவிடுவார்.

மகன் எஸ்.பி.எம்.மில் (ஐந்தாம் படிவ அரசுத் தேர்வில்) சரித்திரத்தில் தோற்றுவிட்டான், சான்றிதழ் இல்லை. ஒரு மோட்டார் பட்டறையில் இருக்கிறான். "அவனைத் தலைமுழுகிடு" என்கிறார் என் அண்ணன். ஆறாம் ஆண்டில் அவனுக்குப் பாடம் எடுத்த சார் கேள்விப்பட்டு, "நான் வந்து பேசட்டுமா?" என்று கேட்கிறார். இவ்வளவு நாள் கழித்து அவர் வந்து என்ன ஆகப்போகிறது?
— அம்மா, செந்தூல், கோலாலம்பூர்

அண்ணன் தலைமுழுகட்டும், வெயில் காலம்தான். நீங்கள் அந்தச் சாரை வரச் சொல்லுங்கள். மகனிடம் முதலில் கேட்டுவிடுங்கள், திடீரென்று கொண்டுவந்து உட்காரவைத்தால் பின்வாசல் வழியாகப் போய்விடுவான். சாரிடமும் ஒன்று சொல்லிவையுங்கள்: முதல் அரை மணி நேரம் சரித்திரத்தைப் பற்றிப் பேச்சே வேண்டாம். அவன் எந்த மோட்டாரைப் பிரிக்கிறான், முதலாளி எப்படி, நாள் கூலி எவ்வளவு என்று கேட்கட்டும். அவனுக்குத் தெரிந்து சாருக்குத் தெரியாத விஷயம் அது. அந்த வீட்டில் அவன் பேசி யாராவது கேட்டு ரொம்ப நாள் ஆகியிருக்கும்.

இனி நடைமுறை. எஸ்.பி.எம். சான்றிதழ் கிடைக்க மலாய் மொழி கட்டாயம் தேறவேண்டும், 2013இலிருந்து சரித்திரமும் சேர்ந்துவிட்டது. தோற்ற பாடத்தை மட்டும் மறுபடி எழுதலாம். பத்துப் பாடத்தையும் சுமக்க வேண்டியதில்லை, இதைப் பல பெற்றோர் கேட்டுத் தெரிந்துகொள்வதே இல்லை. சரித்திரம் ஒன்றுதான் என்றால் வாரத்துக்கு இரண்டு இரவு உட்கார்ந்தால் முடிகிற காரியம்.

அவனுக்குப் புத்தகமே வேண்டாம் என்றால் கைத்தொழில் வழி இருக்கிறது. மலேசியத் திறன் சான்றிதழ், அதாவது எஸ்.கே.எம்., முதல் நிலையிலிருந்து மூன்றாம் நிலை வரை. நான்காவது டிப்ளோமா, ஐந்தாவது உயர் டிப்ளோமா. உங்கள் பக்கம் கூச்சாய் லாமாவில் தொழிற்பயிற்சிக் கழகம் உண்டு. எங்கள் பக்கம் நிபோங் திபாலில் ஆறுமுகம் பிள்ளை பேரில் ஒன்று. பட்டறையிலேயே சில ஆண்டு இருந்துவிட்டால், அந்த அனுபவத்தைக் காட்டியே எஸ்.கே.எம். வாங்குகிற ஏற்பாடும் இருக்கிறது. அதற்கு அவன் செய்த வேலைக்கு ஆதாரம் வேண்டும். பிரித்த எஞ்சினை இன்றிலிருந்தே படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். முதலாளியிடம் சேர்ந்த தேதி போட்டு ஒரு கடிதம் வாங்குங்கள்.

இதெல்லாம் இணையத்தில் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆனால் பதினெட்டு வயதுப் பையன் ஒருவன், ஒரு தடவை தோற்றவன், அலுவலக முகப்பில் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவரிடம் போய்த் தனியாக நிற்பது என்பது வேறு. நான் ஓய்வு பெற்ற பிறகு இந்த வேலையைத்தான் அதிகம் செய்திருக்கிறேன். என் சாப்பாட்டு மேசையில் பாரம் நிரப்பியவர்கள் எத்தனையோ பேர். ஐ.சி. (அடையாள அட்டை) நகல் எப்போதும் எட்டுப் பிரதி எடுக்கச் சொல்வேன், எந்த முகப்பில் எத்தனை கேட்பார்கள் என்று சொல்ல முடியாது. அறிவுரை சொன்ன பிள்ளைகளில் பாதிப் பேர் திரும்பி வரவில்லை. கூடப் பேருந்தில் ஏறிப் போன பிள்ளைகள் எல்லாரும் ஏதோ ஒன்றில் சேர்ந்துவிட்டார்கள். சாரால் முடியுமானால் அந்த ஒரு நாள் கூடப் போகச் சொல்லுங்கள். பேசுவதை வழியில் பேசிக்கொள்ளட்டும்.

இடைநிலைப்பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். படிவம் 4 மாணவி ஒருத்தி இரவு பதினொரு மணிக்குப் புலனத்தில் (வாட்ஸ்அப்), "சார், வாழவே பிடிக்கல, யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று அனுப்பினாள். பதில் போட்டாலும் சிக்கல், போடாவிட்டாலும் சிக்கல். இரவெல்லாம் தூங்கவில்லை.
— ஆசிரியர், கோலாலம்பூர்

பதில் போடுங்கள். அந்த நேரத்தில் "வேலை நேரத்தில் பேசலாம்" என்பது பதில் இல்லை. "சொன்னது நல்லதும்மா. இப்ப பக்கத்துல யார் இருக்காங்க?" என்று கேளுங்கள். சாகவேண்டும் போல் இருக்கிறதா என்று நேராகவே கேட்கலாம், கேட்டதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் அம்மாவையோ அக்காவையோ அந்த நிமிடமே எழுப்பவேண்டும், அவசர எண் 999 இருக்கிறது. மனம் உடைந்தவர்களிடம் தொலைபேசியில் பேசும் பெஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் எண் 03-7627 2929, நள்ளிரவிலும் எடுப்பார்கள்.

"யாரிடமும் சொல்லாதீங்க" என்பதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். "உனக்கு உதவக்கூடியவங்க ரெண்டு பேர்கிட்ட சொல்வேன், யார்னு உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்வேன்" என்று எழுதுங்கள். காலையில் ஆலோசக ஆசிரியையிடம் அந்தச் செய்திகளை அப்படியே காட்டுங்கள், ஒன்றையும் அழிக்காதீர்கள். அடுத்த பேச்சு பள்ளியில், கதவு திறந்திருக்க, ஆசிரியை ஒருவர் இருக்க. காரில் வேண்டாம், தே தாரிக் கடையில் வேண்டாம். உங்கள்மேல் சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை, சார். அவளுக்கு உங்களைத் தவிர இன்னும் மூன்று பேர் கிடைக்கவேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். காரணம் வீட்டிலோ வெளியிலோ யாரோ தொட்டது என்று தெரிய வந்தால், 2017ஆம் ஆண்டுச் சிறார் பாலியல் குற்றச் சட்டப்படி தெரிந்தும் புகார் கொடுக்காமல் இருப்பதே குற்றம், 5,000 வெள்ளி வரை அபராதம். வாக்குக் கொடுத்துவிட்டேனே என்பது அங்கே செல்லாது.

டீச்சர், எனக்கு 13 வயது. தமிழ்ப்பள்ளி முடித்து இந்த ஆண்டு இடைநிலைப்பள்ளிக்கு வந்தேன். ரொம்பப் பெரிய பள்ளி. என் வகுப்பில் தமிழ் பேசுபவர்கள் நான்கு பேர்தான். மலாயில் பேசும்போது நாக்கு குழறுகிறது. சாப்பிடும் நேரத்தில் நூல்நிலையத்தில் போய் உட்கார்ந்துவிடுவேன். பழைய பள்ளி டீச்சரைப் போய்ப் பார்க்கலாமா? திட்டுவார்களா?
— மாணவி, பட்டர்வொர்த்

போகலாம் அம்மா. திட்ட மாட்டார்கள். போன ஆண்டு உன்னைத் திட்டிய டீச்சர்கூடத் திட்ட மாட்டார், இந்த ஆண்டு வேறு பிள்ளைகள் வந்துவிட்டார்கள்.

காலையில் போகாதே, உனக்கும் பள்ளி, அவருக்கும் பள்ளி. உனக்கு விடுமுறையாக இருக்கிற நாளில், அல்லது உனக்குப் பள்ளி சீக்கிரம் விடுகிற நாளில், மதியம் கடைசி மணி அடித்த பிறகு போ. ஆசிரியர் அறையில் நோட்டுத் திருத்திக்கொண்டு இருப்பார். ஜாகாவிடம் பேரைச் சொல்லி, வாசலில் எழுதிவிட்டு உள்ளே போ. கையில் எதுவும் வாங்கிக்கொண்டு போகவேண்டாம், குறிப்பாகக் கோப்பை வேண்டாம். எனக்கு எழுதியதை அப்படியே அவரிடம் சொல். நாக்கு குழறுவதையும் சொல், நூல்நிலையத்தில் உட்காருவதையும் சொல். புதிய பள்ளியில் உனக்குத் தமிழ் எடுக்கும் ஆசிரியை யார் என்று அவருக்குத் தெரிந்திருக்கும், கூப்பிட்டுப் பேசுவார். அந்த மற்ற மூன்று பேரின் பேரையும் கேட்டு எழுதிக்கொண்டு போ, அவர்களில் ஒருத்தியாவது அதே நேரத்தில் எங்கேயாவது ஒளிந்துகொண்டுதான் இருப்பாள்.

போகும்போது அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போ. முதலில் சாப்பிடு.